இஸ்டோர் தூசிக்குக் கணக்கு உண்டு, இருமலுக்கு இல்லை

இஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் முதல் மரியாதை டீமேக்கரின் மூக்குக்குத்தான். அரைத்துப் பரப்பிய கொழுந்து செம்பு நிறத்துக்குத் திரும்பும்போது, இப்போதே எடுக்கலாமா இன்னும் கொஞ்சம் விடலாமா என்பதை அந்த மூக்குதான் சொல்லும். ட்ரையரிலிருந்து விழுந்த தூளை இரு கையாலும் அள்ளி, முகத்தருகே கொண்டுபோய், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார். கண்டிப் பக்கத்துக் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பழக்கம் உண்டு. அந்த ஒரு மூச்சில் வாசம் மட்டும் உள்ளே போவதில்லை என்று 1970இல் எழுதிவைத்தவர் சி. ஜி. உரகொட. கொழும்பில் நெஞ்சு நோய் வைத்தியராக இருந்தவர். பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழ் ஒன்றில் அவர் எழுதிய சிறு கட்டுரையின் தலைப்பே ‘டீமேக்கர் ஆஸ்துமா’. இலங்கைத் தேயிலையை உலகமே குடித்துக்கொண்டிருந்த காலத்தில், அதைச் செய்கிறவரின் நெஞ்சில் ‘வீசிங்’ கேட்கிறது என்று முதலில் காது கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

உரகொட விசித்திரமான ஆர்வம் கொண்டவர். மிளகாய் அரைக்கிறவர்கள், கறுவா உரிக்கிறவர்கள், தும்பு ஆலையில் நிற்கிறவர்கள், இலவம் பஞ்சு அடைக்கிறவர்கள், காரீயச் (கிராஃபைட்) சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் என்று இந்த நாட்டில் எங்கெல்லாம் தூசி கிளம்புமோ அங்கெல்லாம் போய் நெஞ்சைச் சோதித்தார். ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரை எடுப்பவர்கள் சூரை மீன் சாப்பிட்டால் உடம்பு சிவந்து தலை இடிப்பது ஏன் என்று கண்டறிந்து எழுதியவரும் இவர்தான். இத்தனைக்கும் அவரிடம் இருந்த பெரிய கருவி ஒரு கேள்விதான்: என்ன வேலை செய்கிறீர்கள்?

தேயிலைத் தூசி இந்த மலைக்கு எப்போது வந்தது என்று பார்த்தால், தேயிலையோடு வரவில்லை, இயந்திரத்தோடு வந்தது. கலஹாவைத் தாண்டித் தெல்தோட்டை வழியாக மேலே ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். ஆரம்பத்தில் அவருடைய பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. மேசையில் இலையைக் குவித்து, கூலிக்கு வந்தவர்கள் கையாலேயே உருட்டினார்கள். கரி அடுப்பின் மேல் தட்டு வைத்துக் காயவைத்தார்கள். விறாந்தை திறந்த வெளி, இலையும் கொஞ்சம். காற்று வந்து தூசியை அள்ளிக்கொண்டு போயிருக்கும். முன்பு மலையில் இருந்த கோப்பிப் பயிரில் நோய் விழுந்து, மலை முழுக்கத் தேயிலையானபின், நாலு மாடி இஸ்டோர் எழுந்து, மின்சாரச் சல்லடைகள் ஒரே கூரைக்குக் கீழ் ஓடத் தொடங்கியபோதுதான் நெஞ்சுக்கு உண்மையான சோதனை வந்தது.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டத் தண்ணீர். ட்ரையரை விட்டு வரும்போது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் ஈரம் மிஞ்சும். அவ்வளவு காய்ந்த இலை தொட்டால் நொறுங்கும். அதைச் சல்லடையில் ஏற்றி, நிமிடத்துக்கு எத்தனையோ தடவை குலுக்கி, பீஓபி, டஸ்ட் என்று தரம் தரமாகப் பிரிக்கிறார்கள். தளிரின் முனையிலும் இலையின் அடிப்பக்கத்திலும் இருக்கும் மெல்லிய மயிர்கள் அங்கே உதிர்கின்றன. காம்பு நாரும் இலைத் துணுக்கும் சேர்ந்து, பஞ்சுபோல ஒரு மங்கல் நிறத் தூசி எழும்பி, உத்தரத்திலும் யன்னல் கம்பியிலும் தொங்குகிறது. சல்லடை அறையில் ஒரு ஷிப்ட் நின்றவரின் புருவத்தைப் பார்த்தாலே எங்கே வேலை என்று தெரிந்துவிடும். அந்தப் பஞ்சில் தேயிலை மட்டும் இல்லை. பூஞ்சண வித்துகளும் பற்றீரியாவின் மிச்சங்களும் உண்டு.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு பெரும் ஆபத்து அல்ல. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்து, சளியாக வெளியே அனுப்பிவிடும். அதற்குக் கீழே இருப்பவை மூச்சுக்குழாய்களில் படிகின்றன. 4 மைக்ரோமீற்றருக்கும் கீழே போனால், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் இறங்கிவிடும். அங்கே சளியும் இல்லை, தூசியைத் தள்ளும் நுண்மயிரும் இல்லை. விழுங்கிச் சுத்தம் செய்யும் உயிரணுக்கள் மட்டுமே காவல்.

இந்த இடத்தில் தூசிகள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா, தன்னை விழுங்க வந்த உயிரணுவையே கொன்றுவிடுகிறது. செத்த உயிரணுவிலிருந்து வெளியேறிய சிலிக்காவை இன்னொன்று விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே நடந்து நடந்து நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். வேலையை விட்ட பிறகும் நோய் விடாது. தேயிலை, கோதுமை மா, பஞ்சு, மரத்தூள் போன்ற உயிர்ப் பொருள்களின் தூசி பெரும்பாலும் வேறு வழியில் போகிறது. சிலருக்கு உடம்பு அதை எதிரியாகக் கற்றுக்கொண்டு, மாதங்களோ வருடங்களோ கழித்து ஒவ்வாமை ஆஸ்துமாவாக வெளிப்படுகிறது. மற்றவர்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லாமலே மூச்சுக்குழாய் தினமும் உறுத்தப்பட்டு, வீங்கி, சளி கட்டி, மெல்ல மெல்லக் குறுகுகிறது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் வேலையிடத்தைச் சீக்கிரம் மாற்றினால் பலருக்குக் குணமாகும். தாமதித்தால் மாற்றியும் பயன் குறைவு. ஆகவே இது நேரத்தோடு நடக்கிற பந்தயம்.

இங்கே ஒரு வேடிக்கை. கிறீன் டீ குடித்தால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரங்கள் சொல்லும்போது அடிக்கடி இழுக்கப்படும் பொருள் எபிகல்லோகெட்டச்சின் கலேட். 1990களில் ஜப்பானில் ஷிராய் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆஸ்துமாவைக் கிளப்புவது அதே பொருள்தான் என்று காட்டினார்கள். வாயால் போனால் மருந்து, மூக்கால் போனால் நோய். நம் கறுப்புத் தேயிலையில் அந்தப் பொருளின் பெரும்பகுதி நொதிக்கும்போதே வேறாக மாறிவிடும். ஆகவே ஜப்பான் கதையை அப்படியே கலஹாவுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ‘குடிக்கிற பொருள்தானே, மூக்கில் போனால் என்ன’ என்று இஸ்டோரில் கேட்கும் பேச்சுக்கு அது போதிய பதில்.

தொழில் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வேலை நாளில் இளைப்பு கூடுகிறதா, போயா லீவிலும் ஞாயிறிலும் குறைகிறதா, தீபாவளிக்கு ஒரு வாரம் ஊர்ப்பக்கம் போய் வந்தால் இருமல் மறந்தே போகிறதா என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, ஊதிப் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்று. பீக் ஃப்ளோ மீற்றர் என்பார்கள். வேலையில் இருக்கும்போதும் வீட்டில் இருக்கும்போதும் ஒரு நாளில் பல தடவை ஊதி, சில வாரங்களுக்கு எண்களைக் குறித்துவந்தால் கோடு தானே பேசும். நோய் பழகிப்போய், லீவில்கூடக் குறையாத நிலைக்கு வந்தபிறகு இந்த உபாயம் பலிக்காது. அந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் வைத்தியரிடம் வருகிறார்கள்.

இனி உலகக் கணக்கு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016ஆம் ஆண்டில் வேலை காரணமாக இறந்தவர்கள் சுமார் 19 இலட்சம் பேர். இயந்திரத்தில் அகப்பட்டும் உயரத்திலிருந்து விழுந்தும் இப்படி விபத்துகளில் போனவர்கள் 3 இலட்சத்து 60 ஆயிரம். தனியொரு நோயாக முதலிடத்தில் நின்றது நாட்பட்ட மூச்சடைப்பு நோய்: 4 இலட்சத்து 50 ஆயிரம். விபத்துகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒரு நோயின் எண்ணிக்கையை எட்டவில்லை. ரோலரில் கை அகப்பட்டால் இஸ்டோர் நிற்கும், பொலிஸ் வரும், தொழிற்சங்கம் வரும். இருபது வருடம் தூசி தின்ற நெஞ்சு ஓய்வு பெற்ற பிறகு லயத்துக் காம்பராவில் அடங்கும்போது யாரும் வரமாட்டார்கள்.

2019இல் அமெரிக்க நெஞ்சு மருத்துவச் சங்கமும் ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கமும் உலக ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கை இதைவிடக் கூர்மையானது. வளர்ந்தவர்களின் ஆஸ்துமாவில் 16 சதவீதம், நாட்பட்ட மூச்சடைப்பில் 14 சதவீதம் வேலையிடத்தின் பங்கு. காரணம் தெரியாத நோய் என்று பெயரிலேயே கைவிரிக்கும் நுரையீரல் தழும்பு நோயில்கூட 26 சதவீதம்.

இந்தச் சதவீதங்களைச் சரியாகப் படிக்க வேண்டும். நூறு ஆஸ்துமாக்காரரில் பதினாறு பேரைத் தனியே நிறுத்தி ‘இவர்களுக்குத் தொழிலால் வந்தது’ என்று விரல் நீட்ட முடியாது. வேலையிடத் தூசியும் புகையும் ஆவியும் இல்லாத ஓர் உலகம் இருந்திருந்தால் நூறில் பதினாறு பேருக்கு நோய் வந்திராது என்பதே பொருள். ஒரே ஆளுக்குப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்யலாம். பீடி குடிப்பவர், விறகடுப்புப் புகையில் வளர்ந்தவர், சல்லடை அறையில் நிற்பவர் என்று மூன்றுமே ஒருவராக இருக்கலாம். மூன்றில் எதை நீக்கினாலும் அவர் தப்பியிருக்கக்கூடும். அதனால் காரணங்களின் சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். அது கணக்குப் பிழை அல்ல. ‘பீடியால் வந்த இருமல்’ என்று எழுதிவிட்டால் தொழில் கணக்கிலிருந்து கழன்றுவிடுவதுதான் பிழை. புகைக்கும் பழக்கமே இல்லாதவர்களை மட்டும் எடுத்தால், மூச்சடைப்பு நோயில் தொழிலின் பங்கு 31 சதவீதம் ஆகிவிடுகிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. மலையகத்தில் ஒரு வாயும் புகைக்காமல் இஸ்டோரில் காம்பு பொறுக்கிய பெண்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்கலாம்.

அவர்களுக்கு இன்னொரு வம்பும் இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் லயத்தில் புகைபோக்கி இல்லாத விறகடுப்பு. எந்தப் புகை எவ்வளவு செய்தது என்று பிரிப்பது ஆய்வாளருக்கே கடினம். தேயிலைத் தூசியில் நின்ற தொழிலாளரின் மூச்சளவை ஜயவர்தன, உடுப்பிஹில்ல என்ற ஆய்வாளர்கள் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். உரகொடவுக்குப் பிறகு இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆய்வுகள்தான். ஒன்றரை நூற்றாண்டுத் தொழிலுக்கு இது மிகக் குறைவு என்பது என் கருத்து.

என்னை உறுத்துவது ஆய்வு குறைவு என்பதுகூட அல்ல. இஸ்டோர் தரையில் விழும் கழிவுத் தூளுக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கழிவுத் தேயிலையைக் கண்டபடி விற்க முடியாது. அதைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும், தேயிலைச் சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கழிவைக் கலந்து விற்றால் சிலோன் டீயின் பெயர் கெடும் என்ற நியாயமான பயம். தூளில் நார் தெரிந்தால் தரம் இறங்கும் என்பதால், அதைப் பொறுக்கும் மின்னூட்ட உருளைகளும் நிற்கின்றன. கூட்டிப் பெருக்கிய தூசிக்குப் பதிவு உண்டு. நெஞ்சுக்குள் போன தூசிக்குப் பதிவு ஏதும் இல்லை.

செய்ய முடியாத காரியமும் அல்ல. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். தேயிலைக்கு அது சரிவராது, ஈரம் பட்டால் சரக்கே போய்விடும். ஆகவே ஒரே வழி, தூசி கிளம்பும் சல்லடையின் வாயிலேயே மூடி போட்டு, குழாய் வைத்து, காற்றாடியால் இழுத்து வெளியே ஒரு பையில் பிடிப்பது. பிறகு, விளக்குமாற்றால் பெருக்காமல் உறிஞ்சு இயந்திரத்தால் எடுப்பது. அப்படிப்பட்ட காற்றாடியில் ஒரு முக்கிய வகையை உலகுக்குக் கொடுத்ததே தேயிலைத் தொழில்தான். அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் துரையாக இருந்த சாமுவேல் டேவிட்சன், இலை காயவைக்கும் இயந்திரம் செய்வதற்காக 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். 1898இல் அவர் காப்புரிமை எடுத்த காற்றாடி, நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றூட்டப் போனது. தேயிலை காய்வதற்குப் பழுதில்லாமல் சுழலும் காற்றாடி, பக்கத்து அறையில் தூசி இழுக்கவும் சுழலலாம். முகத்தில் கட்டும் துணி இதற்கு ஈடாகாது. துணியின் இழைகளுக்கு நடுவே மிக நுண்ணிய தூசி சும்மா நடந்து போகும். மேலும், டீமேக்கர் எப்படித்தான் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசம் பார்ப்பார்?

நெஞ்சுக்கும் சரக்குக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு பாடம் உண்டு. அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு நமக்குப் பழக்கமான பொருள். அதன் நார் நெஞ்சுக்குள் போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும். வேலையிடத்து அஸ்பெஸ்டஸால் ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு கணிக்கிறது. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாக இலங்கை சொல்லியிருந்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் பெரிய நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்தியது. இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தகடு அறுப்பவரின் நுரையீரல் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இருக்கவில்லை.

மறுபக்க உதாரணமும் தமிழர் வரலாற்றிலேயே இருக்கிறது. மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள்தான் கூடுதலாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1940களில் ஆயிரக்கணக்கானவர்களின் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சிலிக்கோசிஸ். அந்த எண் கையில் வந்தபிறகு அதை நுனிநாக்கில் மறுக்க யாராலும் முடியவில்லை. சிலிக்கோசிஸ் நட்டஈடு பெறக்கூடிய நோயாக இந்தியாவில் நிலைபெற்றதில் கோலாருக்குப் பெரும் பங்கு. அண்மையில், 2024 ஜூலை 1 முதல், சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அவுஸ்திரேலியா முழுதாகத் தடைசெய்தது. உலகில் முதல் நாடு அதுதான். கல்லறுக்கும் இளைஞர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்து எண்ணியதால் வந்த தடை அது. எண்ணாத இடத்தில் சட்டம் அசைவதில்லை.

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1934இன் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு, 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு, தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் தேசிய நிறுவனம் அமைக்க 2009இல் வந்த சட்டமும் உண்டு. இவை எல்லாம் விழித்தெழ ஒரு சீட்டில் இரண்டு சொல் வேண்டும்: நோயின் பெயரும் தொழிலின் பெயரும். வைத்தியசாலைச் சீட்டுகளில் முதலாவது மட்டும் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதினால் மலையில் கொழுந்து பறிப்பவரும் சல்லடை அறையில் நிற்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். மலையில் மழையும் அட்டையும்தான் தொல்லை, மற்றவருக்குத் தூசி.

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் தொழில் நோய்கள் பற்றி முதல் பெரும் நூலை எழுதினார். அதில் தானியம் சலிப்பவர்களின் மூச்சிரைப்புக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். மூன்று நூற்றாண்டாகியும் நெரிசலான ஓபிடி வரிசையில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை. வைத்தியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலையில் எத்தனை பேரைத்தான் பார்ப்பார். ஆகவே கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கலஹாவிலோ பேராதனையிலோ கண்டியிலோ இருமலுக்கு மருந்தெடுக்கப் போனால், இஸ்டோரில் எந்த அறையில், எத்தனை வருடம், லீவில் குறைகிறதா என்ற மூன்றையும் நீங்களாகவே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலையை விட்டுப் பல வருடமான அப்பா, தாத்தாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.